பவளம் சுருங்கிக் கிடக்கிறதா? காரணம் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் நேற்றுவரை விரிந்து நின்ற பவளம் இன்று காலை சுருங்கிக் கிடக்கிறது. பார்த்ததும் கை பரபரக்கும். பாட்டிலில் இருக்கும் ஏதாவது ஒரு மருந்தை டேங்கில் ஊற்றுவது, அன்றே பாதித் தண்ணீரை மாற்றுவது, லைட்டைக் குறைப்பது, பவளத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் வைப்பது என்று ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடும். மறுநாள் பவளம் இன்னும் மோசமானால், எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. சேலத்தில் மரைன் டேங்க் ஆரம்பித்த புதியவர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். நோயால் போகும் பவளத்தைவிட இந்த அவசரத்தால் போகும் பவளம்தான் அதிகம்.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் பார்ப்பது, பிறகு அளப்பது, அதன் பிறகுதான் கை வைப்பது. கையை முதலில் விட்டால் தடயம் கலைந்துவிடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்ததாக யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது குற்றம், அந்தக் கடலுக்கும் கேடு. இங்கே பேசுவது புதியவர்கள் வீட்டில் வைக்கும் மென்பவள வகைகளைப் பற்றி மட்டும்: மஷ்ரூம், ஸோவா, லெதர், ஸீனியா, கென்யா ட்ரீ.

1. பிரச்சினை வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தை நினைவில் வைத்திருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்பதுதான் தெரிய வேண்டும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பார்த்தால் அந்த நேரம் தப்பிவிடும்.

உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். கூடவே 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவமும் வாங்குங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியத்தில் சரிசெய்தால், நமக்குத் தேவையான 35 அருகே கருவி தவறாகக் காட்டக்கூடும். தேவையான இடத்திலேயே சரிபார்ப்பதுதான் நல்லது.

டெஸ்ட் கிட் நான்கு போதும்: அமோனியா, நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி (பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்). மென்பவளம் மட்டும் இருக்கும் டேங்கில் கால்சியத்தைத் தினமும் துரத்த வேண்டியதில்லை. வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய கிட் தரும் தவறான எண், கிட்டே இல்லாததைவிட மோசம்.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவையும் வேண்டும். இவற்றைவிட முக்கியம், டேங்கின் கொள்ளளவில் பத்து சதவீதத்துக்கு உப்புத் தண்ணீர் கலந்து மூடி வைத்திருப்பது. உப்பு சரியாகக் கரைந்து தண்ணீர் நிலைப்பட ஒரு நாள் வரை ஆகும். அவசரம் வந்த பிறகு கலக்க ஆரம்பித்தால் அரைகுறையாகக் கரைந்த தண்ணீரைத்தான் ஊற்றுவீர்கள்.

2. நல்ல நாளிலேயே வழக்கத்தைப் பதிவு செய்யுங்கள்

எது வழக்கம் என்று தெரியாமல் எது விபரீதம் என்று சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் போட்டோ எடுங்கள். லைட் போட்டு இரண்டு மணி நேரம் கழிந்த பிறகு எடுப்பது நல்லது. அதற்கு முன்னால் ஸோவா பாதி தூக்கத்தில்தான் இருக்கும்.

இரவில் லைட் அணைத்ததும் ஸோவா மூடிக்கொள்வது, மஷ்ரூம் சுருங்குவது, கென்யா ட்ரீ தளர்ந்து தொங்குவது எல்லாம் இயல்பு. விருந்தாளிக்குக் காட்டலாம் என்று இரவு பத்து மணிக்கு லைட்டைப் போட்டுவிட்டு, "பவளம் திறக்கவே இல்லை" என்று போன் செய்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் திறக்காததுதான் சரி.

போட்டோவோடு இரண்டு வரி எழுதி வையுங்கள். அன்று என்ன புதிதாகச் சேர்த்தீர்கள், வீட்டில் என்ன வேலை நடந்தது. பின்னால் காரணம் தேடும்போது இந்த இரண்டு வரிதான் உதவும்.

3. எத்தனை பவளம், எந்தப் பக்கம்?

பவளம் சுருங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இதற்கான பதில் பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

டேங்கில் இருக்கும் எல்லாப் பவளமும் சேர்ந்து சுருங்கியிருந்தால் தண்ணீரில்தான் கோளாறு. வெப்பம், உப்பு, அமோனியா, விஷம் இவற்றில் ஒன்று. நேராக நான்காம் பகுதிக்குப் போங்கள்.

ஒரு மூலையில் இருப்பவை மட்டும் என்றால் வெளிச்சமோ நீரோட்டமோ மாறியிருக்கிறது. டேங்குக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கர் திரும்பியிருக்கலாம். மேற்குப் பக்க ஜன்னல் இருக்கும் வீடுகளில் வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் மாலை வெயில் நேராக டேங்கில் விழும். சூரியனின் சாய்வு மாறுவதால் வரும் இந்த வெயிலை, முந்தைய மாதம் இல்லாததால் யாரும் சந்தேகிப்பதில்லை.

ஒரே இனம் மட்டும் என்றால் பூச்சியோ, அந்த இனத்தின் இயல்பான சுழற்சியோ காரணம். ஒரே ஒரு துண்டு மட்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரனைப் பாருங்கள். நண்டு மேலே நடந்திருக்கலாம், மீன் கொத்தியிருக்கலாம், அருகில் ஐப்டேஸியா என்ற கடல் அனிமோன் முளைத்துக் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

இறால் வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். பவளமும் சுருங்கி இறாலும் துள்ளித் தடுமாறினால் அது விஷத்தின் அறிகுறி. மீன் நன்றாகத்தானே நீந்துகிறது என்று ஏமாறாதீர்கள். செம்புக்கும் கொசு மருந்துக்கும் மீனுக்கு முன்னால் இறால்தான் விழும்.

4. அளக்கும் வரிசை: வெப்பம், ஓட்டம், உப்பு, அமோனியா

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வெப்பமும் ஓட்டமும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், வேகமாகக் கொல்பவையும் அவைதான். மற்றவற்றை அதற்குப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை இருக்கட்டும். 28இல் நிலையாக நின்றாலும் மென்பவளம் சமாளிக்கும். 30ஐத் தாண்டினால் ஆபத்து. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதே சமயம் உயிர்களின் ஆக்சிஜன் தேவை கூடும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது மாடி வீட்டு டேங்க் மதியத்தில் 31க்குப் போவது சாதாரணம்.

இங்கே பலர் செய்யும் தவறு, ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவது. தண்ணீர் சட்டென்று மூன்று டிகிரி இறங்கி, பாட்டில் உருகியதும் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான 29ஐவிடக் கெடுதல். நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். லைட்டை மாலைக்கும் இரவுக்கும் தள்ளிப்போட்டால் உச்சி வெயிலோடு லைட் சூடும் சேராது.

ஆனால் ஃபேன் வைத்ததும் அடுத்த பிரச்சினை ஆரம்பிக்கும். சேலத்துக் கோடையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு டேங்கிலேயே தங்கிவிடும். 200 லிட்டர் டேங்கில் ஃபேன் ஓடினால் நாளுக்கு நான்கு லிட்டர் போகிறது என்று வையுங்கள். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 12 லிட்டர் குறைந்து, 35ஆக இருந்த உப்பு 37ஐத் தாண்டியிருக்கும். வந்து பார்த்தால் எல்லாப் பவளமும் சுருங்கியிருக்கும். "வெயில் தாங்கவில்லை" என்று இன்னொரு ஃபேன் வாங்கி வைப்பார்கள். உப்பு இன்னும் ஏறும்.

குறைந்த தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் நிரப்பாதீர்கள். தினமும் ஒரே கோடு வரை நிரப்ப டேங்க் அல்லது சம்ப் (டேங்கோடு இணைந்த வடிகட்டும் தொட்டி) கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். உப்பு ஏற்கெனவே ஏறியிருந்தால் ஒரே மூச்சில் இறக்க வேண்டாம். நாளுக்கு ஒரு பி.பி.டி. போதும். பவளத்தின் உடலில் உள்ள நீர் வெளி உப்போடு ஒத்துப்போக நேரம் வேண்டும்.

ஓட்டத்தைப் பார்க்க, வேவ்மேக்கர் முன்னால் கொஞ்சம் மீன் உணவை விட்டு அது எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். சுண்ணாம்பு படிந்து வேகம் குறைந்திருந்தால், வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவிப் பொருத்துங்கள். சத்தம் மாறாமலே வேகம் பாதியாகியிருக்கும்.

அமோனியா பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்த மீனோ நத்தையோ பாறைக்குப் பின்னால் இருக்கிறதா என்று தேடுங்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் கொஞ்சம் இருக்கட்டும். இரண்டையும் பூஜ்ஜியமாக்கிவிட்டு பவளம் வெளிறுகிறதே என்று கேட்பது இப்போது அடிக்கடி நடக்கிறது. மென்பவளத்துக்கு ஐந்து, பத்து பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நைட்ரேட் உணவுதான்.

5. வீட்டுக்குள் என்ன நடந்தது?

அளவுகள் எல்லாம் சரி, ஆனாலும் எல்லாம் சுருங்கியிருக்கிறது என்றால் டேங்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வீட்டைப் பாருங்கள்.

கொசு விரட்டும் லிக்விட், கொசுவத்தி, தெருவில் அடிக்கும் புகை மருந்து ஆகியவற்றில் பைரெத்ராய்டு போன்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அறைக்காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுவதுதான் ஏர் பம்பும், காற்றுக் குமிழியால் அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மரும் செய்யும் வேலை. எனவே அறையில் இருக்கும் எதுவும் தண்ணீருக்குள் வந்துவிடும். டேங்க் இருக்கும் அறையில் லிக்விட் வேண்டாம், ஜன்னலுக்குக் கொசுவலை போடுங்கள். புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி ஏர் பம்பை நிறுத்தி, வேவ்மேக்கரை நீர்ப்பரப்பு நோக்கித் திருப்புங்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீட்டோடு இருப்பவர்கள் சேலத்தில் ஏராளம். அந்த வேலையில் செம்பு கலக்காமல் இருக்காது. ராவின தூளும் பற்றவைக்கும் பொடியும் நகக்கண்ணில் தங்கும். கையை சும்மா துடைத்துவிட்டு டேங்கில் விட்டால் செம்பு உள்ளே போகும். முழங்கை வரை நீளும் கையுறை ஒன்றை டேங்கு வேலைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், சானிடைசர், மருதாணி பட்ட கைக்கும் இது பொருந்தும்.

தண்ணீரின் மூலத்தையும் விசாரியுங்கள். மேட்டூர் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீர் இங்கே கடினம். ஆகவே ஆர்.ஓ. கட்டாயம். ஆனால் சமையலறை ஆர்.ஓ. எல்லாமே உதவாது. குடிப்பதற்கு நல்லது என்று செம்பும் தாது உப்பும் சேர்த்துத் தரும் மெஷின்கள் இப்போது நிறைய விற்பனையாகின்றன. மனிதருக்கு நல்லதான அந்தச் செம்பு, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு விஷம். மெஷினில் அந்தக் காட்ரிட்ஜுக்கு முன்னாலேயே தண்ணீர் எடுக்க வழி செய்யுங்கள், அல்லது டேங்குக்குத் தனி ஆர்.ஓ. வையுங்கள். டி.டி.எஸ். பூஜ்ஜியத்துக்கு அருகே வர, மிச்ச உப்பையும் எடுக்கும் டி.ஐ. ரெசினையும் சேர்க்க வேண்டும். கேன் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு காட்டும், அதை நம்ப வேண்டாம்.

ஏசி போட்டு நாள் முழுக்கப் பூட்டிய அறையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கும். பி.எச். ஏற்றும் பொடியைப் போடும் முன் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

6. இனத்துக்கு இனம் மாறும் நடத்தை

லெதர்தான் புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது. குடை முழுக்க இருந்த பாலிப் (பூப்போல விரியும் சின்னச் சின்ன உயிர்) எல்லாம் உள்ளே போய், மேல்புறம் வழவழவென்று பளபளக்கும். இரண்டு நாளில் அந்தப் பளபளப்பின் மேல் பழுப்புத் தூசும் பாசியும் ஒட்டும். பார்க்க அழுகுவதுபோலவே இருக்கும். உற்றுப் பாருங்கள்: ஓரத்தில் மெல்லிய படலம் ஒன்று கிளம்பி நீரோட்டத்தில் படபடக்கும். பாம்பு சட்டை உரிப்பதுபோல, மேலே படிந்ததை அது கழற்றுகிறது. சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். செய்ய வேண்டியது ஒன்றே, ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுவது. விரலால் உரிக்காதீர்கள், அடியில் இருக்கும் தோல் கிழியும். படலம் போனதும் முன்னைவிடப் பெரிதாக விரியும். தண்டு கெட்டியாக இருக்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை. தண்டு குழைந்து நாற்றம் வந்தால்தான் கவலை.

மஷ்ரூம் புனல் மாதிரி மேலே குவிந்து நீண்டால் வெளிச்சம் போதவில்லை. பாறையோடு ஒட்டிச் சுருங்கி வெளிறினால் வெளிச்சம் அதிகம். பாறையை விட்டுக் கழன்று மிதந்தால் இடம் பிடிக்கவில்லை என்று பொருள். அதை ஒரு சின்ன டப்பாவில் கல்துண்டுகளோடு போட்டு மேலே வலை கட்டி, ஓட்டம் குறைந்த இடத்தில் வையுங்கள். தானாக ஒட்டிக்கொள்ளும். பசை போட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஸீனியா துடிப்பதை நிறுத்துவது சின்ன மாற்றத்துக்கும் நடக்கும். நன்றாக இருந்த கூட்டம் திடீரென்று ஒரே இரவில் கரைவதும் உண்டு. கரைய ஆரம்பித்த கிளையை வெட்டி வெளியே எடுங்கள், மிச்சம் பிழைக்கலாம்.

கென்யா ட்ரீ கிளையை உதிர்ப்பது பெரும்பாலும் சாவு அல்ல, பெருக்கம். உதிர்ந்த கிளை போன இடத்தில் வளரும்.

ஸோவா நாட்கணக்கில் மூடியே இருந்தால் பூச்சியைச் சந்தேகியுங்கள். அதைத் தின்னும் நத்தை இனம், ஸோவாவின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்வதால் பகலில் கண்ணுக்குத் தெரியாது. லைட் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் நல்லது, வெள்ளை வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும். பவளக் குளியல் மருந்தில் முக்கினால் நத்தை விழும், முட்டை சாகாது. அதனால் ஒரு வாரம் கழித்து மறுபடி முக்க வேண்டும். குளியல் தண்ணீரை டேங்கில் திருப்பி ஊற்றக் கூடாது.

ஸோவாவைத் தொடும்போது மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாலிடாக்சின் என்ற கடும் விஷம் சில வகைகளில் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. ஸோவா ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்வதாக வெந்நீர் ஊற்றவோ கொதிக்கவைக்கவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. வீட்டில் குழந்தை இருந்தால் இந்த வேலையை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. நிறம் மாறினால்

பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெருமளவு உணவு தருகிறது. அந்தப் பாசி கூடினால் பவளம் பழுப்பாகும். வெளிச்சக் குறைவோ சத்து மிகுதியோ காரணம். உடனடி ஆபத்து இல்லை.

வெளிறுவது வேறு. சூடோ வெளிச்சமோ தாங்காமல் பாசியை வெளியே தள்ளுகிறது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்ததும் கடல்நீர் சூடானதால்தான். வெளிறியது செத்தது அல்ல. திசு இருக்கிறதா, தொட்டால் சுருங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, வெப்பத்தை நிலைப்படுத்துங்கள்; பிறகு வெளிச்சத்தை வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். புது எல்.இ.டி. மாட்டியவர்களும் இதே முறையில் குறைவாக ஆரம்பிக்க வேண்டும்.

8. திருத்தும்போது ஒன்று மட்டும்

காரணம் என்று நினைப்பதில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று நாள் காத்திருங்கள். இரண்டை மாற்றிப் பவளம் தேறினால்கூட எது உதவியது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

விதிவிலக்கு, விஷம் என்ற சந்தேகம். அப்போது புதுக் கார்பனைப் போட்டு, டேங்க் தண்ணீரில் ஒரு பகுதியைத் தயாராக வைத்திருக்கும் தண்ணீரால் உடனே மாற்றுங்கள். லெதரும் மற்ற மென்பவளங்களும் தங்களுக்குள் விடும் ரசாயனத்தையும் கார்பன் இழுத்துக்கொள்ளும் என்பதால் கலப்பு டேங்கில் அதை எப்போதும் வைத்திருப்பது நல்லது.

பவளத்தை இடம் மாற்றுவதைக் கடைசியாக வையுங்கள். ஒவ்வொரு இடமாற்றமும் அதற்கு ஒரு புது அதிர்ச்சி. மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றிவிட்டு இரண்டு வாரம் தொடாதீர்கள்.

9. கரண்ட் போகும் நாளும் மலை வீடும்

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். முந்தைய நாளிலிருந்து மீனுக்கு உணவைக் குறையுங்கள். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டும் கொடுங்கள். லைட்டும் ஸ்கிம்மரும் சில மணி நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீர்ப்பரப்பு அசையாவிட்டால்தான் ஆக்சிஜன் போகும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரி ஏர் பம்பு ஒன்று வைத்திருங்கள். கரண்ட் வந்ததும் பவளம் சுருங்கியிருப்பது இயல்பு, மறுநாள்வரை எதையும் செய்யாதீர்கள்.

ஏற்காட்டில் டேங்க் வைத்திருப்பவர்களுக்குக் கதை தலைகீழ். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி இரவுகள் குளிரும், ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்னதாக, வெளிக் கட்டுப்பாட்டுக் கருவியோடு வையுங்கள். ஒன்று பழுதாகி அணையாமல் எரிந்தாலும் டேங்க் வெந்துபோகாது. ஒன்று எரியாமல் நின்றாலும் மற்றது காப்பாற்றும். சேலத்துக் கடையில் வாங்கிய பவளத்தை மலைக்குக் கொண்டுபோகும்போது பையைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையோடு மிதக்கவிட்டு வெப்பம் ஒத்த பிறகு திறந்து விடுங்கள். முதல் இரண்டு நாள் அது விரியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.